ஈரத்துக்கு இரண்டு கிலோ

ஊசிக்கானல் எஸ்டேட்டில் பனி விழுந்து, விழுந்தது உருகாமல் அப்படியே தங்கிவிட்ட அந்தத் தை மாதத்தில், மேல் டிவிஷன் ஜனங்கள் முதலில் அதை உப்போ என்று நக்கிப் பார்த்தார்கள், பிறகு நன்னாரி சர்பத் ஊற்றிக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள், அப்புறம் கம்பெனி சம்பளமில்லாத லீவு என்று சொல்லி அனுப்பியதும் அதைப் பற்றி ஆச்சரியப்படுவதையே நிறுத்திவிட்டார்கள். பனி என்ற சொல்லும் அதற்குப் பொருந்தவில்லை. பனி காலையில் வரும், பத்து மணிக்குப் போய்விடும். இது போகவில்லை. தேயிலைச் செடிகளை மூடி, தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடுகளின் ஜன்னல் வரைக்கும் ஏறி, மாசியிலும் பங்குனியிலும் சித்திரையிலும் அங்கேயே இருந்தது. அதனால் அதை வெள்ளை என்றார்கள். வெள்ளை கூடியிருக்கிறது என்றார்கள், வெள்ளை இறுகியிருக்கிறது என்றார்கள், கல்யாணப் பேச்சில் வெள்ளை போகட்டும் பார்க்கலாம் என்றார்கள்.

மானேஜர் முதல் வாரமே ஜீப்பில் இறங்கிப் போய்விட்டார். ஜனங்கள் போகவில்லை. வேலையை விட்டால் லயன் வீட்டை விட வேண்டும், லயன் வீட்டை விட்டால் கீழே சமவெளியில் அவர்களுக்குப் படுக்க ஒரு சாண் இடம் கிடையாது. ஆனால் அரிசி கீழே பஜாரில் இருந்தது, பஜாருக்குப் போகும் பாதை பன்னிரண்டாம் நம்பர் தேயிலைக் காட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது, பன்னிரண்டாம் நம்பர் என்பது பாறைமுடி உச்சிக்கு நேர் கீழே, கூரையைச் சாய்த்து வைத்தது போன்ற ஒரு சரிவு. வெறுங்காலால் நடந்தால் இடுப்பு வரை புதைந்தது. ஆகையால் தச்சர் சில்வர் ஓக் மரத்தைப் பலகையாய் அறுத்து, நுனியை இலை உலர்த்தும் கூடத்து நீராவியில் காட்டி மேல்நோக்கி வளைத்து, ஆளுக்கு இரண்டு சறுக்குக் கட்டை செய்து கொடுத்தார். கொழுந்து பறிக்கும்போது செடிமேல் மட்டம் பார்க்க வைத்திருந்த மூங்கில் குச்சிகள் ஊன்றுகோலாயின. மாசி முடிவதற்குள் அதெல்லாம் பழகிவிட்டது. கிழவிகள்கூட வெற்றிலை வாங்கச் சறுக்கிப் போனார்கள்.

முதல் சாவு கறிக்கடை மிக்கேலுடையது. பஜாருக்குப் போன வரிசையில் அவர் ஐந்தாவது ஆள். முன்னால் போன நான்கு பேரும் ஒல்லி, அவர்கள் தாண்டிவிட்டார்கள். ஆட்டுத்தொடை மாதிரிக் கைகள் உள்ள மிக்கேல் நடுச் சரிவுக்கு வந்ததும் மலை முழுவதும் ஒரு போர்வையை உதறியது போல இறங்கி அவரைக் கொண்டுபோய்விட்டது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் சண்டை வந்தது. ஒருவர் மட்டக்குச்சியை வெள்ளையில் இறக்கிப் பார்த்து, மேலே அப்பளம் மாதிரி இருக்கிறது, அடியில் சீனி மாதிரி உதிர்கிறது, இன்றைக்குப் போகக்கூடாது என்பார். இன்னொருவர் தன் வீட்டுப் பக்கம் குழி தோண்டி, அடிவரைக்கும் இட்லி மாதிரி ஒரே பதமாக இருக்கிறது, போகலாம் என்பார். ராத்திரி மேல்காற்று அடித்திருந்தால் பாறைமுடியில் வெள்ளை மீசை வைத்துத் தொங்கும், அது கெட்டது என்று ஒரு கட்சி, அது நாட்கணக்காக அப்படித்தான் தொங்குகிறது என்று ஒரு கட்சி. நடக்கும்போது காலடியில் வெள்ளை பெருமூச்சு விட்டதைக் கேட்டேன் என்று யாராவது சொன்னால், நேற்று உன் பெண்டாட்டி விட்ட பெருமூச்சாக இருக்கும் என்று சிரிப்பார்கள். பசியோடு இருப்பவன் குழி தோண்டினால் போகலாம் என்று வரும், வீட்டில் இரண்டு படி அரிசி இருப்பவன் தோண்டினால் வேண்டாம் என்று வரும். ஒருநாள் இதில் அரிவாள் வெட்டே விழுந்தது.

அப்போதுதான் யூனியன் தலைவர் காளியப்பன், நிறுவைக் கொட்டகையில் கூட்டம் போட்டு, சிறிய உடம்பை மேசைமேல் ஏற்றி நின்றுகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். "நாலு ஒல்லிப் பயலுக போனப்ப வராத மலை, மிக்கேலு போனப்ப ஏன் வந்துச்சு?"

தலைக்கு மேலே கொக்கியில் இலை நிறுக்கும் தொங்கு தராசு ஆடிக்கொண்டிருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். மூன்று தலைமுறையாக அந்தத் தராசின் முள்ளைப் பார்த்தே அவர்களுக்குச் சோறு வந்திருக்கிறது, அடி வந்திருக்கிறது, வசவு வந்திருக்கிறது. சரிவும் ஒரு தராசுதான் என்பது அவர்களுக்கு ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. இவ்வளவு தாங்கும், அதற்கு மேல் போட்டால் அறுந்துவிடும். எவ்வளவு தாங்கும் என்று தெரிய வேண்டுமானால் முதலில் பெரிய எடையைப் போட்டுப் பார்க்க வேண்டும். தராசோடு யாரும் சண்டை போட முடியாது என்பதே அதில் பெரிய நிம்மதி. இனிமேல் சீனி, அப்பளம், மீசை, பெருமூச்சு என்று எவனாவது பேசினால் அவன் வீட்டுக்கு அரிசி கிடையாது என்று அன்றே முடிவாயிற்று.

மேல் டிவிஷனிலேயே பெரிய எடை மாடத்தியுடையது.

மாடத்தி கொழுந்து பறிப்பவள். புருஷன் காட்டெருமை முட்டிச் செத்தபின் தனியாக இருந்தாள். அவள் நடந்தால் லயன் தரை அதிரும் என்று பிள்ளைகள் பாட்டுக் கட்டியிருந்தார்கள். கோயில் கொடை விழாப் பந்தியில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர்கள் எழுந்து வேறு பக்கம் போவார்கள். அவளைத்தான் இப்போது கூப்பிட்டு வந்து, சாக்கில் தூளி கட்டி, குழந்தையைத் தொட்டிலில் போடுவது போலத் தராசில் தொங்கவிட்டார்கள். முள் ஓடியது. கூட்டம் கைதட்டியது.

"கைதட்டுதீகளே, நான் செத்தா தூக்கவும் இதே கூட்டம் வருமா?" என்றாள் மாடத்தி, தூளிக்குள்ளிருந்து.

"நீ செத்தா தூக்க வேண்டியதில்லக்கா. வெள்ளையே மூடிரும்" என்றார் காளியப்பன். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

முள்ளைப் படித்துச் சொன்னவர் கணக்கப்பிள்ளை இன்னாசி. ஐம்பதைத் தாண்டியவர், நல்ல உயரம், பெரிய எலும்பு, மனைவி இல்லை. முப்பது வருஷமாக அந்தத் தராசுக்குப் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு பெண்ணின் இலை மூட்டைக்கும் எடையைச் சத்தமாகச் சொல்லி, உடனே "ஈரத்துக்கு ரெண்டு" என்று கழிப்பது அவர் வேலை. இலையில் இருக்கும் மழைத்தண்ணீருக்கு இரண்டு கிலோ. மழை பெய்யாத மாசியிலும் இரண்டு கிலோ. அவருக்கு முன்னால் இருந்தவர் அப்படித்தான் கழித்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும். அன்றைக்கு மாடத்தியை நிறுத்தபோதும், வாய் பழக்கத்தில், அவள் சேலை நனைந்திருந்ததால், "ஈரத்துக்கு ரெண்டு" என்றார். சரிதான், துணியின் எடையை உடம்பில் சேர்க்கக்கூடாது என்று கூட்டமும் ஒப்புக்கொண்டது.

கணக்கு எளிமையானது. மாடத்தி முன்னால் போக வேண்டும், முன்னால் வர வேண்டும். சரிவு அவளைத் தாங்கினால் அவளைவிடக் குறைந்த எடையுள்ள யாரையும் தாங்கும். அதாவது ஒரு ஆளும் அவன் முதுகு மூட்டையும் சேர்ந்து அவள் எடைக்குள் இருக்க வேண்டும். அவள் எவ்வளவு கனக்கிறாளோ அவ்வளவு பெரிய மூட்டையை மற்றவர்கள் தூக்கி வரலாம். இது புரிந்த அன்று சாயங்காலமே அவள் வாசலுக்குச் சோற்றுச் சட்டிகள் வர ஆரம்பித்தன. பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சியவள் மாடத்திக்கு வடித்த சோறு கொண்டுவந்தாள். அடைக்கோழியை அறுத்தார்கள். பந்தியில் எழுந்து போனவர்கள் அவள் எதிரே உட்கார்ந்து, இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரே வாய் என்று ஊட்டினார்கள். தச்சர் அவளுக்கு மட்டும் இரட்டை அகலத்தில் கட்டை செய்து, நுனியில் ஒரு தாமரைப்பூ செதுக்கினார்.

அவள் போனாள், வந்தாள். ஒவ்வொரு தடவையும் சரிவின் இந்தக் கரையில் இன்னாசி சிவப்புத் துண்டைத் தூக்கிப் பிடித்து நிற்பார். அவள் அந்தக் கரையில் ஏறியதும் துண்டை இறக்குவார். துண்டு இறங்கினால் மற்றவர்கள் போகலாம். துண்டு மேலே இருக்கும் நேரமெல்லாம் தன் மூச்சு எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. முப்பது வருஷம் அவள் மூட்டையை நிறுத்தவர், அவள் முகத்தை நிறுத்ததில்லை. இப்போது அவள் சின்னதாகிச் சின்னதாகி அந்த வெள்ளைக்குள் ஒரு கரும்புள்ளியாய்ப் போவதைப் பார்க்கும்போது, ஊருக்காகத்தான் பதறுகிறேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். இதை ஒருவராலும் நிறுக்க முடியாது என்பதால் அந்தப் பொய்யை அவர் நம்பினார்.

சித்திரை முடிவில் ஒரு ராத்திரி முழுக்க மேல்காற்று அடித்தது. விடிந்தபோது பாறைமுடியில் மீசை ஆள் உயரத்துக்குத் தொங்கியது. யாருக்கும் தெரியாமல் இன்னாசி சரிவின் ஓரத்துக்குப் போய் மட்டக்குச்சியை இறக்கினார். ஒரு முழம் கெட்டியாய் இறங்கியது, அப்புறம் யாரோ உள்ளிருந்து பிடித்து இழுத்தது போலச் சடாரென்று போனது. கையை விட்டு அள்ளினார். சீனி. பிடித்தால் நிற்காமல் விரலிடுக்கில் ஒழுகும் பெரிய பெரிய சீனி.

இதைக் கொட்டகையில் சொல்ல முடியாது. சொன்னால் அரிசி கிடையாது, நம்பவும் மாட்டார்கள். ஆனால் அவர் கையில் தராசு இருந்தது. மாடத்தி தூளியில் ஏறியதும், முள்ளைப் பார்த்து, ஒன்பது கிலோ குறைத்துச் சொன்னார். ஈரத்துக்கும் இரண்டு கழித்தார்.

அந்த எடைக்கு, வீட்டுக்குப் போதுமான மூட்டையோடு யாரும் திரும்பி வர முடியாது. பயணம் நின்றது.

அன்றைக்கு மட்டுமில்லை, காற்று அடங்கவே இல்லை, அதனால் அடுத்தடுத்து அவர் குறைத்துக்கொண்டே போனார். மாடத்தி அவர் வாயில் இளைத்துக்கொண்டே வந்தாள். ஊரில் அரிசி தீர்ந்தது, பிள்ளைகள் காய்ந்த ரொட்டியைச் சப்பினார்கள், கோபம் முழுக்க அவள் மேல் திரும்பியது.

"எங்க பிள்ளை வாயில மண்ணப் போட்டுட்டு உனக்குக் கொட்டுனோமே, தின்ன சோறு எங்கடி போச்சு?"

"ஒளிச்சு வச்சு எவனுக்குக் குடுக்கிற?"

"தின்னுட்டு ராத்திரி ஓடிக் கரைக்கிறா போல."

"எல்லாம் உள்ளதான் இருக்கு. வேணும்னா வயித்தக் கிழிச்சுப் பாருங்க" என்றாள் மாடத்தி. சிலர் அவள் வயிற்றை உண்மையாகவே பார்த்தார்கள்.

அவளை நடக்கவிடாமல் பிள்ளைக் காப்பகத்தில் வைத்துப் பூட்டினார்கள். நடந்தால் எடை குறையும். சட்டியைச் சுரண்டிக் கடைசி அரிசியைக் கஞ்சியாக்கி, இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள ஒருத்தி ஊற்றினாள். வாந்தி எடுத்தால் எடுத்ததற்கு அடித்தார்கள். பிறகு அடித்ததற்காக அழுதபடியே மறுபடியும் ஊற்றினார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் பிள்ளைகள் அடுத்த அறையில் பசித்துக் கிடந்தன.

ஜன்னல் வழியாக அவளைப் பார்க்க இன்னாசி போனார். பிள்ளைகளுக்கான குட்டைப் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். சுவரில் யானையும் கிளியும் வரைந்திருந்தது.

"நான்தான் குறைச்சுச் சொன்னேன் மாடத்தி" என்றார். "சரிவு சரியில்ல. அடியில சீனியா இருக்கு. உன்னய அனுப்ப எனக்கு மனசு வரல."

அவர் எதிர்பார்த்தது வேறு.

"முப்பது வருசமா என் மூட்டையில திருடுனீரு" என்றாள். "இப்ப என் உடம்புலயுமா?"

"உன் நல்லதுக்குத்தான்..."

"அப்பவும் ஈரத்துக்குத்தான்னு சொன்னீரு. ஏன்யா, சரிவு சரியில்லன்னா வாயத் தொறந்து சரியில்லன்னு சொல்ல வேண்டியதுதான? எல்லாரு முன்னாலயும் சொல்லும்யா. அதுக்கு ஒம்ம பேச்சில எடை வேணும். ஒம்ம எடை எல்லாம் எம்மாதிரிப் பொம்பளைக மூட்டையில இருந்து எடுத்ததுதான?"

"சொன்னா அரிசி கிடையாதும்பாங்க."

"எனக்கு அரிசி ஊத்துறாகளே, பாத்தீரா?" என்று அவள் வீங்கிய உதட்டைக் காட்டினாள். "நாளைக்குச் சரியான எடை சொல்லும். ஒரு கிலோ கழிக்கப்படாது. இந்தப் பக்கம் இருந்து இவுக கையில சாகுறதுக்கு அந்த மலை மேலு. அதுவாச்சும் என்னய ஒரே தடவைதான் முழுங்கும்."

மறுநாள் காலையில் இன்னாசி கொட்டகையில் முழு எடையையும் சொன்னார். ஈரத்துக்குக் கழிக்கவில்லை. அந்தத் தராசின் ஆயுளில் முதல் தடவையாகக் கழிக்கப்படாத எடை அதுதான். கூட்டம் ஹோவென்று கத்தியது. அடித்தவர்களே அவளைக் கட்டிப் பிடித்தார்கள், ஒருத்தி தன் தலையிலிருந்த பூவை எடுத்து அவளுக்கு வைத்தாள். சரிவைப் பற்றி இப்போதாவது சொல்லலாம் என்று இன்னாசி வாயைத் திறந்தார். காளியப்பன் திரும்பிப் பார்த்து, "என்ன கணக்கப்பிள்ளை?" என்றார். "துண்ட எடுத்துட்டு வர்றேன்" என்றார் இன்னாசி.

நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் வெறுஞ்சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவின் விளிம்பில் நின்றார்கள். கனமானவர் முன்னால், லேசானவர் பின்னால், அதுதான் வரிசை. காளியப்பன் வழக்கம்போல வரவில்லை. தலைவர் இந்தக் கரையில் இருக்க வேண்டும் என்பார். மாடத்தி தாமரைப்பூக் கட்டைகளைக் காலில் கட்டி, யாரையும் பார்க்காமல் இறங்கினாள்.

இன்னாசி சிவப்புத் துண்டைத் தூக்கினார். அவள் மூன்றில் ஒரு பங்கு போனாள். பாதி போனாள். மிக்கேல் போன இடத்தைத் தாண்டினாள். அப்போது அவள் காலடியிலிருந்து அது கிளம்பியது. சத்தம் என்று சொல்ல முடியாது, மலை ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தது போல, ஒரு பெரிய வீட்டுக்குள் கதவு சாத்தியது போல, ஊம்... என்று. அவர் உள்ளங்காலில் அது வந்து சேர்ந்தது. மேலே பாறைமுடிக்குக் கீழே தலைமுடி கனத்தில் ஒரு கோடு ஓடி நின்றது. மாடத்தியும் நின்றாள். தலையைத் திருப்பி மேலே பார்த்தாள். பிறகு முன்னைவிட மெதுவாக, ஒவ்வொரு கட்டையாக, நகர்ந்து நகர்ந்து அந்தக் கரையில் ஏறினாள். ஏறி, நிமிர்ந்து நின்றாள்.

அவள் நின்றாள் என்பது மட்டும்தான் இன்னாசிக்குத் தெரிந்தது. உயிரோடு, முழுதாக, தலையில் பூவோடு நின்றாள். அவர் நெஞ்சிலிருந்து மாதக்கணக்கான மூச்சு ஒரேயடியாக வெளியே வந்தது. அந்த மூச்சோடு கையும் இறங்கியது. கையோடு துண்டும் இறங்கியது.

வரிசை கிளம்பிவிட்டது. பசி அவர்களை ஒருவர் பின்னால் ஒருவராக இடைவெளி விடாமல் தள்ளியது. அந்தக் கரையில் மாடத்தி இரண்டு கையையும் வீசினாள். அது வரச்சொல்வது போலத்தான் இருந்தது. துண்டை மறுபடி தூக்கலாமா என்று இன்னாசி நினைத்தார். தூக்கினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் ஏன் முதலில் இறக்கினாய் என்பார்கள். அதற்குள் கனமானவர்கள் பாதி தாண்டிவிட்டார்கள், சரிவு அசையவில்லை. தராசுதான் சரியோ என்றுகூட அவருக்கு ஒரு கணம் தோன்றியது.

கடைசியாக இறங்கியவள் கனியம்மா என்ற பெண், எலும்பும் தோலும், அவளை நிறுத்தால் முள் வெட்கப்படும் என்று கேலி செய்வார்கள். மற்றவர்கள் போன தடத்தில் போகாமல், முன்னால் போனவர்களைப் பிடிக்க வேண்டும் என்று கொஞ்சம் மேலே, வெள்ளை மெலிந்து பாறை தெரிந்த இடம் வழியாகக் குறுக்கே போனாள். அந்த இடத்தில் அவள் ஒரு கட்டையை வைத்ததும் தலைமுடிக் கோடு வாய் பிளந்தது.

மலை போர்வையை உதறியது. இந்தத் தடவை முழுப் போர்வையும். பிறகு தூள் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியபின் பன்னிரண்டாம் நம்பர் காட்டில் பச்சையாய்த் தேயிலைச் செடிகள் தெரிந்தன, வரிசை வரிசையாக, மட்டம் பார்த்து வெட்டியது வெட்டியபடி. ஆட்கள் தெரியவில்லை. அந்தக் கரையில் மாடத்தி நின்றாள். இந்தக் கரையில் இன்னாசியும், பின்னால் ஓடிவந்த காளியப்பனும், கைக்குழந்தைக்காரிகளும், கிழடுகளும்.

"கணக்கப்பிள்ளை!" என்று மாடத்தி கூப்பிட்டாள். காற்று நின்றிருந்ததால் ஒவ்வொரு சொல்லும் வந்தது. "நான் வந்தப்ப அது பெருமூச்சு விட்டுச்சே. வராதீக வராதீகன்னு கைய வீசுனேனே. ஒமக்குக் கேட்டுச்சா, இல்லியா?"

எல்லாரும் இன்னாசியைப் பார்த்தார்கள்.

"கேக்கல" என்று அவர் கத்தினார்.

மாடத்தி தலையிலிருந்த பூவை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, கட்டைகளைத் திருப்பி, பஜார் பக்கம் சறுக்கிப் போனாள். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு லேசாய்ப் போனதை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் திரும்பி வரவில்லை.

ஜனங்கள் தோண்டினார்கள், அழுதார்கள், கிடைத்தவர்களைப் புதைத்தார்கள். வைகாசியில் வெள்ளை மறுபடி விழுந்து பன்னிரண்டாம் நம்பரைப் பழையபடி மூடியது. காளியப்பன் கொட்டகையில் கூட்டம் போட்டார். தராசில் தப்பில்லை என்றார். ஒரே நேரத்தில் எல்லாரும் சரிவில் நின்றார்கள், எல்லார் எடையையும் கூட்டினால் மாடத்தியைவிட அதிகம், அதுதான் அறுந்தது என்றார். கூட்டிப் பார்த்தார்கள், ஆமாம், அதிகமாகத்தான் வந்தது. எல்லாருக்கும் ஒரு நிம்மதி வந்தது. இன்னாசிக்கு மட்டும், உண்மை தன் நாக்கு நுனியில் சீனி மாதிரிக் கரைந்துகொண்டிருப்பது தெரிந்தது. அவர் அதை விழுங்கினார்.

"இனிமே ஒவ்வொருத்தராத்தான் போகணும்" என்றார் காளியப்பன். "முன்னால போக ஒரு பெரிய எடை வேணும்."

மிச்சமிருந்தவர்களில் உயரமும் பெரிய எலும்பும் ஒருவருக்குத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் இன்னாசியின் வாசலில் முதல் சோற்றுச் சட்டி வந்தது. செத்தவர்களின் அடுக்களைகளில் அடிப்பானையில் ஒட்டிக்கிடந்த அரிசியைத் திரட்டி வடித்தது. மேலே ஒரு கறித்துண்டு இருந்தது. கொண்டுவந்தவள் கனியம்மாவின் தாய். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்து, இன்னும் ஒரே வாய் என்றாள்.

சில நாள் கழித்து அவரைச் சாக்குத் தூளியில் தூக்கித் தராசில் தொங்கவிட்டார்கள். அன்றைக்குப் பளிச்சென்று வெயில் அடித்தது, அவர் சட்டை மொடமொடவென்று காய்ந்திருந்தது. காளியப்பன் முள்ளைப் பார்த்து எடையைச் சத்தமாகச் சொன்னார்.

"ஈரத்துக்கு ரெண்டு" என்று கழித்தார்.

தூளிக்குள் குழந்தை மாதிரி மடங்கிக் கிடந்த இன்னாசி, சட்டை காய்ந்திருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"இன்னும் கொஞ்சம் பத்தல கணக்கப்பிள்ளை" என்று காளியப்பன் அன்பாகச் சொன்னார். "நல்லாச் சாப்பிடுங்க."